மனந்திரும்பியவரோடு குடித்தனம்

மனந்திரும்பின மனுஷனோடு குடித்தனம் பண்ணிப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி. கோபக்காரனோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். எப்போது வெடிக்கும், எதற்கு வெடிக்கும், வெடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும் என்பதெல்லாம் உடம்புக்கே பாடமாகிவிடும். திடீரென்று அந்த ஆள் சாந்தமாகிவிட்டால் என்ன செய்வது? சபையில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள், "கர்த்தர் என்னை மாற்றினார்" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெண்டாட்டி எப்படி எழுந்தாள், எந்த மனசோடு காப்பி போட்டாள் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், பழைய அடுக்குமாடி ஒன்றில் ஆறாவது மாடி. பக்கத்துத் தெருவில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஏர்கான் மாட்டுகிற கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஒரே மகள், நாலாம் படிவம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபையில் பாட்டு நடத்துவார். நல்ல கணீர் குரல். ஆராதனை முடிந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் பாடுனா பரலோகமே இறங்கி வந்த மாதிரி இருக்கு சிஸ்டர்" என்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். இறங்கி வந்த பரலோகம் எங்கள் ஆறாவது மாடிக்கு மட்டும் ஏறி வராது என்று சொல்லவா முடியும்?

வீட்டில் அவருக்குச் சட்டென்று கை நீளும். வேலை முடிந்து வந்ததும் கார் சாவியை மேசைமேல் எப்படி வைக்கிறார் என்று பார்ப்பேன். வைத்தால் பரவாயில்லை. வீசினால், அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, மகளைக் குளிக்கப் போகச் சொல்லிவிடுவேன். எனக்கு விழுந்த அடிகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு நான் பழகிப்போயிருந்தேன் என்று சொல்ல எனக்கே கேவலமாக இருக்கிறது. மகளுக்கு விழுந்ததுதான் பேச்சு.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், அவருடைய நீண்ட ஜெபம். முடிந்ததும் பிள்ளை எழுந்து முதலில் அப்பாவிடமும் அப்புறம் என்னிடமும் வந்து "ஸ்தோத்திரம்" சொல்லவேண்டும். நாங்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்போம். இது எங்கள் ஜனங்களில் பெரும்பாலான வீடுகளில் உள்ள வழக்கந்தான். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்தே, அப்பா கையைத் தூக்கினால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வாள். வீட்டுக்கு வருகிறவர்கள் "எவ்வளவு பயபக்தி பாருங்க!" என்று மெச்சிக்கொள்வார்கள். பயம் சரிதான். பக்தி எங்கே இருந்தது?

போன வருஷம் ஒரு சாயங்காலம், அவர் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். மகளின் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. எந்தத் தோழி என்ன அனுப்பினாளோ, இவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் வாசிப்பதை நிறுத்தினார். வேதாகமத்தின் சிவப்பு நாடாவை அந்தப் பக்கத்தில் நேராக இழுத்து வைத்தார். புத்தகத்தை மூடினார். மேசைமேல், ஓரத்தோடு ஓரம் சரியாக இருக்கும்படி வைத்தார். அப்புறந்தான் எழுந்து போய் அடித்தார். ஒரே அடி, இடது காதோடு சேர்த்து. பிள்ளை சோபாவிலிருந்து சரிந்து கீழே விழுந்தாள்.

அடியை விட அந்த நாடாவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கோபத்தில் கண்ணு மண்ணு தெரியவில்லை, கோபத்தில் செய்துவிட்டேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். நானும் நம்பியிருந்தேன். கண்ணு மண்ணு தெரியாதவனுக்கு எந்த இடத்தில் வாசிப்பை விட்டோம் என்று அடையாளம் வைக்கத் தெரியுமா? தெரிந்தேதான் அடித்திருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் நிஜமான பயம் வந்தது.

பிள்ளைக்கு அந்தக் காதில் வாரக்கணக்கில் ஒரே இரைச்சல். கிள்ளானிலிருந்து என் அக்கா வந்தாள். பள்ளி உடுப்பையும் புத்தகங்களையும் பையில் அடைத்து, பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பள்ளியையும் அங்கேயே மாற்றியாயிற்று. சபையில் கேட்டவர்களுக்கு, "அங்க டியூஷன் நல்லா இருக்குன்னு அக்கா வீட்ல விட்டிருக்கோம்" என்று சொன்னேன். சனிக்கிழமை தோறும் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவேன். அவர் வரட்டுமா என்றும் கேட்கவில்லை. நான் வாருங்கள் என்றும் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு வந்தது. எங்கள் சபையில் அன்றைக்குத் திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து போய்ப் பீடத்தண்டையில் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொள்வோம். பாட்டு நடத்துகிறவர் என்பதால் அவர்தான் எப்போதும் முதல் வரிசையில் முதல் ஆள். அன்றைக்கு வரிசை எழுந்தது, அவர் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவருடைய முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தபடி கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் திருவிருந்துப் பந்திக்குப் போகாமல் உட்காருவது சாதாரணக் காரியமில்லை. மனசில் ஏதோ பாவம் இருக்கிறது, அதோடு போய் வாங்கினால் ஆக்கினைத்தீர்ப்பு வரும் என்று பயந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். சபை முழுக்க அவரைப் பார்த்தது. அப்புறம் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது.

"அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா ஆன்டி?" என்று பின்னாலிருந்த பெண் கேட்டாள். "கேஸ்டிரிக்மா" என்றேன். ஆராதனைக்குள்ளேயே பொய்.

காரில் வரும்போது வாயைத் திறப்பதா வேண்டாமா என்று எனக்குள் ஒரே போராட்டம். கடைசியில் கேட்டேவிட்டேன். "ஏங்க போகல?"

"பிள்ளை என்னைப் பாத்துப் பயந்துக்கிட்டு அக்கா வீட்ல இருக்கு. நான் எந்த மூஞ்சியோட போய் முழங்கால் போடுறது?" என்றார். குரலில் சூடு இல்லை. அன்றோடு பாட்டு நடத்துவதையும் விட்டுவிட்டார்.

இதற்கு முன்னும் அவர் மனந்திரும்பியிருக்கிறார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்றல்ல, பல தடவை. உபவாசக் கூட்டத்துக்குப் போய் அழுதுவிட்டு வருவார். என் காலைப் பிடித்துக்கொண்டு வசனம் வசனமாகச் சொல்லுவார். வீடே பஞ்சு மெத்தையாகிவிடும். நாசி லெமாக் வாங்கி வருவார், பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருவார். அப்புறம் ஒரு நாள் சாவி பறக்கும். அவர் அழுதால் எனக்குக் கணக்குத் தெரியும், இது இவ்வளவு நாள் தாங்கும் என்று. இந்தத் தடவை அவர் அழவில்லை, காலைப் பிடிக்கவில்லை, ஒரு வசனமும் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். சாவியை மேசைமேல் வைப்பதை விட்டுவிட்டுக் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். எனக்கோ கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. எதைப் பார்த்து இனி நான் குறிப்பு அறிவது? புயலுக்கு முந்தின அமைதி என்பார்களே, அதிலேயே வாரக்கணக்கில் குடியிருந்தால் மனுஷிக்குப் பைத்தியம் பிடிக்காதா? லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே என் உள்ளங்கை வேர்த்தது. அவர் சாந்தமாக "டீ போடட்டுமா?" என்று கேட்டால் அவருடைய கையைத்தான் பார்த்தேன்.

"ஆண்டவரே, மாத்துறதா இருந்தா முழுசா மாத்திடும். இல்லாட்டி அந்தப் பழைய ஆளையே திருப்பிக் குடுத்துடும். அவரையாவது எனக்குத் தெரியும்" என்று ஜெபம் பண்ணினேன். இப்படி ஒரு ஜெபத்தைப் பரலோகத்தில் யார் கேட்டிருப்பார்களோ!

இரண்டாவது மாதமும் அவர் பந்திக்குப் போகவில்லை. அந்த வாரமே போதகரின் மனைவி, இன்னும் இரண்டு சகோதரிகளோடு ஜெப எண்ணெய்ப் புட்டியும் கையுமாக வீட்டுக்கு வந்துவிட்டார். சபையில் பேசி முடிவு பண்ணியிருக்கிறார்கள்: நல்லா இருந்த மனுஷன் பாடுவதை விட்டான், பந்தியை விட்டான், ஆளும் ஊமை மாதிரி ஆகிவிட்டான் என்றால் இது சத்துருவின் தாக்குதல்தான், யாரோ ஏதோ பண்ணிவிட்டார்கள் என்று. பாருங்கள் கூத்தை! அடித்துக்கொண்டு பாடினபோது ஆவிக்குரிய மனுஷன். அடிப்பதை நிறுத்தினதும் பிசாசு பிடித்தவன்.

அவரைச் சுற்றி நின்று தலையில் கை வைக்கப் போனார்கள். அவர் விலகிக்கொண்டார்.

"பிரதர், உங்களுக்குள்ள ஏதோ ஒரு பிசாசின் கட்டு இருக்கு" என்றார் போதகர் மனைவி.

"கட்டு ஒண்ணுமில்ல சிஸ்டர். நான் என் மகளை அடிச்சேன். காதுலயே அடிச்சேன். அதான் அவ கிள்ளானுக்குப் போயிட்டா. டியூஷனெல்லாம் கிடையாது."

அப்படியே போட்டு உடைத்துவிட்டார். நான் மைலோ கலக்கிய கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. மூன்று பெண்களும் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். மைலோவைக்கூடக் குடிக்காமல், அவசர அவசரமாக ஒரு ஜெபத்தைச் சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார்கள். கதவைச் சாத்தியதும், "உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க! ஞாயித்துக்கிழமை அங்க போய் நிக்கப்போறது யாரு?" என்று கத்தினேன். கத்திவிட்டு, பழக்க தோஷத்தில் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் என்னையும் பார்த்தார், நான் நின்ற இடத்தையும் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டார்.

வந்துகொண்டே இருக்கிற பயத்தை விட வந்து தீர்ந்த அடி மேல் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு நாள் மீன் குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். முன்பெல்லாம் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு சுவரில் இருக்கும். இதோ வருகிறது, வரட்டும், வந்து தொலையட்டும் என்று எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு வாய் வைத்தார். முகம் சுருங்கியது. தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய் வைத்தார்.

"என்னங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? உப்புன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, அப்படி ஒரு குத்தல் அதில்.

அவருடைய வலது கை தட்டின் விளிம்பைப் பிடித்தது. விரல் எலும்புகள் வெளுத்தன. கழுத்து நரம்பு புடைத்தது. அந்த ஆள் அங்கேதான் இருந்தார், எங்கேயும் போகவில்லை! தட்டை விட்டார். எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு போனார். ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கீழே பார்த்தேன். கார் நிறுத்துகிற இடத்தில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து மேலே வந்து, காய்ந்துபோயிருந்த சோற்றுக் கையைக் கழுவினார்.

"சோதிச்சியா?" என்று கேட்டார்.

நான் குழம்புச் சட்டியை மூடிவைத்தேன்.

"கோபம் போயிடுச்சுன்னு நெனைக்காதே. போகல. உள்ளதான் இருக்கு. வந்தா நான் கீழ போயிடறேன், அவ்வளவுதான். பாஸ்டர் விடுதலை கெடைச்சிடுச்சான்னு கேக்குறாரு. இல்ல பாஸ்டர்னுதான் சொன்னேன்."

எனக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை இல்லை. மாறிவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் நம்பாமல் இருந்திருப்பேன், சௌகரியமாக இருந்திருக்கும். மாறவில்லை, பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறாரே, இதை என்ன செய்வது? பிடித்த கை ஒரு நாள் நழுவினால்? அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பக்கத்தில் இருந்தால்?

அதுதான் கேள்வி. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வருவதா, வேண்டாமா? அவளுக்கு வரவேண்டும் என்றுதான் இருந்தது. அக்கா வீட்டில் குறை ஒன்றுமில்லை, ஆனாலும் சனிக்கிழமை நான் கிளம்பும்போது ஸ்டேஷன் வரைக்கும் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டே வருவாள். கொமுட்டர் கதவு மூடினதும் நான் அழுவேன். வீட்டுக்கு வந்து அவருடைய முகத்தைப் பார்த்ததும், நல்லவேளை, பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றும். என் அக்கா ஒளிவு மறைவு இல்லாதவள். ஒரு சனிக்கிழமை நேராகவே சொன்னாள்.

"இங்க பாரு, கூட்டிக்கிட்டுப் போறதுன்னா போ. உன் பிள்ளை. ஆனா நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அவர்கிட்ட வந்து கேக்கமாட்டேன். உன்னைத்தான் கேப்பேன்."

அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நியாயமான வார்த்தை, அதனால்தான் தைத்தது.

அப்பா உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று மகளிடம் சொன்னேன். பல வாரம் முடியாது என்றாள். அப்புறம் ஒரு நாள் அவளாகவே, "வரச் சொல்லுங்கம்மா. ஆனா பெரியம்மா நடுவுல உக்காரணும். அப்பா வசனம் சொன்னா நான் எழுந்து உள்ள போயிடுவேன்" என்றாள். இதை நான் அப்படியே வந்து அவரிடம் ஒப்பித்தேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

மறு ஞாயிறு ஆராதனை முடிந்து கிள்ளானுக்குப் போனோம். ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். முன்பெல்லாம் நெரிசல் என்றால் ஹாரனும் வசவுமாக வருவார். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஜெபமா, சொல்லவேண்டியதை மனப்பாடம் பண்ணினாரா, தெரியாது. அக்கா வீட்டு வாசலில் இறங்கும்போது அவருடைய சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

பெரியம்மா நடுவில் உட்கார்ந்தாள், சுவர் மாதிரி. மகள் அந்தப் பக்கம். அவர் இந்தப் பக்கம், நாற்காலியின் நுனியில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏன் அப்படி உட்கார்ந்தார் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது.

"நீ தப்பு செய்யல" என்றார். "நீ சிரிச்சே, அவ்வளவுதான். நான் அடிச்சேன். தெரிஞ்சேதான் அடிச்சேன்."

மகள் அவரைப் பார்க்கவில்லை. "எனக்கு இன்னும் பயமா இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும். எனக்கும் என்னை நெனைச்சா பயமாத்தான் இருக்கு."

"மன்னிச்சிடுன்னு கேப்பீங்களா?"

"கேக்கமாட்டேன். கேட்டா நீ சரின்னு சொல்லணும்னு ஆயிடும்."

என் அக்கா, அந்த இரும்பு மனுஷி, மூக்கை உறிஞ்சினாள். மகள் தரையைப் பார்த்தாள். அப்புறம், "நான் வரேன். ஆனா என் ரூம் கதவுக்கு உள்ள தாப்பா வேணும். இப்ப இருக்கிற பூட்டை வெளியில இருந்து திறக்க உங்ககிட்ட சாவி இருக்கு. சாவி இல்லாத தாப்பாவா வேணும்" என்றாள்.

பதினாறு வயசுப் பிள்ளை பெத்த தகப்பனிடம் கேட்கிற பொருளைப் பாருங்கள். கைப்பேசி கேட்கிற வயசு, சட்டை கேட்கிற வயசு. அவர், "சரிம்மா" என்றார்.

அடுத்த நாள் வேலை முடிந்து நேரே ஹார்ட்வேர் கடைக்குப் போனார். நானும் கிளினிக்கிலிருந்து கூடப் போனேன். கடைக்காரத் தம்பி ஒரு சின்னத் தாழ்ப்பாளை எடுத்து வைத்து, "ரூமுக்குத்தானே அண்ணே, இது போதும்லா" என்றான்.

"போதாது. பெருசு குடு. ஆள் இடிச்சாலும் தாங்கணும்."

"ஏன் அண்ணே, திருட்டுப் பயமா?"

"இல்ல தம்பி. வீட்டு ஆள் பயம்."

அந்தத் தம்பி என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்து பெரிய தாழ்ப்பாளைத் தேடப் போனான். அன்று சாயங்காலமே அவர் அதைக் கதவில் மாட்டினார். ஏர்கான் மாட்டி மாட்டித் தேர்ந்த கை, துளை போட்டுத் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். வேலை செய்கிறவரைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்மேல் பரிதாபம் வந்தது. கூடவே பயமும் குறையவில்லை. இவ்வளவு பெரிய இரும்பு தேவைப்படும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறதே!

சனிக்கிழமை மகள் வந்தாள். அப்பாவின் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் பைகளையும் புத்தகங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு தனியாக முன்னால் வந்துவிட்டார். நானும் அவளும் கொமுட்டரில் வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகத் தன் அறைக்குப் போய், அந்தத் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய்ப் பிள்ளைக்குப் பிடித்த மீ கோரெங் நூடுல்ஸ் கிளற ஆரம்பித்தேன். வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

தொம்மென்று ஒரு சத்தம். சுவர் அதிர்ந்தது.

என் உடம்புக்கு அந்தச் சத்தம் தெரியும். என்ன, ஏது என்று நான் யோசிக்கவே இல்லை. அடுப்பை அணைக்கவில்லை. கரண்டியை ஓங்கிக்கொண்டு ஓடினேன். மகளின் அறைக் கதவுக்கு முன்னால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு சாத்தியிருந்தது. முடிந்தது, எல்லாம் முடிந்தது, நானே கூட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டேன் என்று ஒரு நொடியில் மனசு கூவியது.

"ஆரம்பிச்சிட்டீங்களா? ஒரு நாள் பொறுக்கலையா? ஒரு நாள்!" என்று கத்திக்கொண்டு கரண்டியோடு அவர்மேல் பாய்ந்தேன். அவர் விலகவில்லை. அடித்தால் அடி என்று நின்றார்.

"அம்மா!" என்று உள்ளிருந்து மகளின் குரல். "அம்மா, நான்தான் இடிக்கச் சொன்னேன். தாங்குதான்னு பாக்கணும்."

என் கை அந்தரத்திலேயே நின்றது.

"ஆனா அப்பா மெதுவா இடிக்கிறாரு. பா, கோபம் வந்தா எப்படி இடிப்பீங்களோ அப்படி இடிங்க."

அவருடைய முகத்தில் ரத்தமில்லை. என்னைப் பார்த்து, "என்னால முடியாது" என்றார், பிள்ளைக்குக் கேட்காத குரலில். இந்த மனுஷனிடமிருந்து எது வந்துவிடக்கூடாது என்று இத்தனை மாதம் பயந்து செத்தேனோ, அதைச் செய்யுங்கள் என்று என் வாயாலேயே சொல்லவேண்டும். தாழ்ப்பாள் தெறித்துவிட்டால்? உள்ளே பிள்ளை கதவுக்கு எதிரே நிற்கிறாளே!

"தள்ளி நில்லும்மா" என்றேன். கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் அவரிடம், "இடிங்க. அவ தெரிஞ்சுக்கணும்" என்றேன்.

அவர் ஹாலின் மறுகோடி வரை பின்னால் போனார். கண்ணை மூடித் திறந்தார். ஓடி வந்து முழு உடம்பால் இடித்தார். ஐயோ, அந்தச் சத்தம்! நிலைக்கதவு முழுக்க அதிர்ந்தது, சுவரிலிருந்த காலண்டர் கீழே விழுந்தது. எதிர்வீட்டுச் சீன ஆன்டி தன் இரும்புக் கதவைத் திறந்து எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது, கதவு இருந்த இடத்திலேயே இருந்தது.

உள்ளே தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "ம்ம். தாங்குது" என்றாள்.

"இன்னொரு ஸ்க்ரூ போடட்டுமாம்மா?" என்று அவர் கேட்டார். மூச்சு வாங்கியது.

"வேணாம்பா. போதும்."

அவர் போய்ச் சோபாவில் உட்கார்ந்து, இடித்த தோளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். அடுப்பில் வெங்காயம் கருகிப் புகை வந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு மறுபடியும் வந்து, "சாப்பிட வாடாம்மா" என்று கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தரையில் உட்கார்ந்து கதவில் காதை வைத்தேன். மெல்லிய குறட்டை கேட்டது. பட்டப்பகலில், அப்பா வீட்டில் இருக்கும்போதே, என் பிள்ளை தூங்கிவிட்டிருந்தாள்.